ஜீனோமைப் பார்த்தே ஒரு பாக்டீரியா பென்சோயேட்டைச் சிதைக்குமா என்று கணிப்பது எப்படி?

கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடுகிற உப்பனாற்றுச் சேற்றை எடுத்து அதிலிருந்து பாக்டீரியா பிரித்து வளர்க்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் இனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடும். இப்போது முழு ஜீனோமையே வரிசைப்படுத்தி வாங்கிவிடலாம். ஆனால் கோப்பு கைக்கு வந்ததும் பலரும் செய்வது என்ன? பென்சோயேட் போன்ற அரோமேட்டிக் சேர்மங்களில் உள்ள ஆறு கார்பன் வளையத்தைப் பிளக்கிற நொதி ஒன்றைத் தேடிப் பிடித்து, "இது அரோமேட்டிக் சேர்மங்களைச் சிதைக்கும்" என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அது போதவே போதாது. அந்தப் படிக்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் எல்லாம் இருந்தால்தான் பாக்டீரியா அதை உணவாக்கிக்கொள்ள முடியும். முழுப் பாதையையும் சரிபார்ப்பது கஷ்டமான வேலை இல்லை. கமாண்ட் லைன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிரவுசர் போதும்.

விடை தெரிந்த ஜீனோமில் பழகுங்கள்

உங்கள் சொந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, சூடோமோனாஸ் புட்டிடா கேடி2440 என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் ஜீனோம் 2002-ல் வெளியானது, சுமார் 61.8 லட்சம் கார இணைகள். பென்சோயேட்டில் நன்றாக வளரும், டொலுயீன் என்ற இன்னொரு அரோமேட்டிக் சேர்மத்தில் வளராது. இரண்டும் ஆய்வகத்தில் பார்த்து உறுதியான விடைகள் என்பதால், உங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் மரபணுத் தரவுத்தளமான என்சிபிஐ தளத்தின் ஜீனோம் பிரிவில் இந்தப் பெயரைத் தேடி, ரெஃப்சீக் என்ற தொகுப்பின் பதிப்பில் இரண்டு கோப்புகளை இறக்குங்கள். ஒன்று புரத வரிசைகள் உள்ள ஃபாஸ்டா. இன்னொன்று எந்த மரபணு எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்கிற ஜிஎஃப்எஃப். பின்னால் உங்கள் சொந்த ஜீனோமுக்கு வரும்போது மரபணுக்களை அடையாளம் கண்டு குறிக்கிற ப்ரோக்கா அல்லது பாக்டா மென்பொருளில் போட்டால் இதே இரண்டு கோப்புகளும் கிடைக்கும்.

பாதையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், பிறகு எவ்வளவோ குழப்பம் மிச்சமாகும். பென்சோயேட்டில் 7 கார்பன். பென் ஏ, பி, சி (இங்கே வருகிற பென், கேட், பிசிஏ எல்லாம் மரபணுப் பெயர்கள், அவற்றின் நொதிகளையே சொல்கிறேன்) மூன்றும் சேர்ந்து ஆக்சிஜனை வளையத்தில் ஏற்றுகின்றன; பென் டி ஒரு கார்பனை கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிட, 6 கார்பன் கொண்ட கேட்டக்கால் கிடைக்கிறது. கேட் ஏ அந்த வளையத்தைப் பிளந்து மியூகோனேட் ஆக்குகிறது. அப்புறம் கேட் பி, கேட் சி, பிசிஏ டி மூன்றும் வரிசையாக அதை பீட்டா கீட்டோஅடிபேட் வரை கொண்டுபோகின்றன. கடைசியாக பிசிஏ ஐ, ஜே இணையும் பிசிஏ எஃப்-ம் அதை சக்சினைல் கோஏ, அசிட்டைல் கோஏ என்று இரண்டாக வெட்டுகின்றன. 4 கார்பன், 2 கார்பன். கணக்கு சரியாக வருகிறது, இரண்டுமே செல் ஆற்றல் எடுக்கிற கிரெப்ஸ் சுழற்சிக்குள் போய்விடும். எந்தச் சேர்மத்தை எடுத்தாலும் கார்பன் கணக்கு இப்படி முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

கெக் தளத்தில் தேடுவது

ஃபாஸ்டா கோப்பை, வளர்சிதைப் பாதைகளின் தரவுத்தளமான கெக் (KEGG) தளத்தின் பிளாஸ்ட்கோவாலா என்ற கருவியில் ஏற்றுங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும், அதற்கு வருகிற இணைப்பைச் சொடுக்கினால்தான் வேலை ஆரம்பமாகும். முடிவில் அடையாளம் தெரிந்த ஒவ்வொரு புரதத்துக்கும் நேரே அதன் வேலையைக் குறிக்கிற ஒரு கே எண் வரும். கேட் ஏ-வுக்கு கே03381, கேட் பி-க்கு கே01856, கேட் சி-க்கு கே03464. அந்தப் பட்டியலை அப்படியே கெக் மேப்பரின் ரீகன்ஸ்ட்ரக்ட் பக்கத்தில் ஒட்டினால் எந்தெந்தப் பாதை முழுசாக இருக்கிறது, எதில் எந்தப் படி குறைகிறது என்று காட்டும்.

கெக்கில் ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் ஒரு எம் எண் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியவை எம்00551, அதாவது பென்சோயேட்டிலிருந்து கேட்டக்கால் வரை. அடுத்து எம்00568, கேட்டக்காலிலிருந்து பீட்டா கீட்டோஅடிபேட் வரை. இரண்டும் முழுமை என்று வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தாளில் எழுதிய கடைசி இரண்டு படிகள் இந்த இரண்டிலுமே இல்லை. பிசிஏ ஐ, ஜே, எஃப் மூன்றையும் பட்டியலில் தனியாகத் தேட வேண்டும்.

சரி, டொலுயீன்? எம்00538-ஐப் பாருங்கள். முதல் படிக்கான சைல் எம், சைல் ஏ இரண்டும் கேடி2440-ல் கிடையாது. காரணம், இதன் மூதாதையான எம்டி-2 வகையில் டொலுயீன் மரபணுக்கள் எல்லாம் பிடபிள்யூடபிள்யூ0 என்ற பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தன; அந்த பிளாஸ்மிட்டை இழந்த வாரிசுதான் கேடி2440. ஆனால் அதே சூடோமோனாஸ் புட்டிடா இனத்தில் எஃப்1 என்று இன்னொரு வகை இருக்கிறது, அது வேறொரு நொதித் தொகுப்பை குரோமோசோமிலேயே வைத்துக்கொண்டு டொலுயீனில் வளர்கிறது. இனத்தின் பெயரை வைத்துத் திறனைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சேற்றிலிருந்து நேரடியாக எடுத்த மெட்டாஜீனோமில், அதாவது பல உயிர்களின் டிஎன்ஏ கலந்த தரவில், இன்னும் கவனம் தேவை. ஜீனோம்களைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது பிளாஸ்மிட்டுகள் எளிதில் விட்டுப்போகும். ஆகவே "மரபணு கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், "மரபணு இல்லை" என்று எழுதாதீர்கள்.

பெயரை நம்பாதீர்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

கணிப்பு பெரும்பாலும் சறுக்குகிற இடம் இதுதான். உங்கள் கோப்பில் "அரோமேட்டிக் ரிங் ஹைட்ராக்சிலேட்டிங் டையாக்சிஜெனேஸ், ஆல்ஃபா துணையலகு" என்று ஒரு மரபணு இருக்கலாம். வளையத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிற நொதிகளின் குடும்பப் பெயர் மட்டுமே அது. அந்தக் குடும்பத்தில் பென்சோயேட்டைத் தொடுகிறதும் உண்டு, நாப்தலீனைத் தொடுகிறதும் உண்டு. கேட்டக்காலைப் பிளக்கிற கேட் ஏ-வும் புரோட்டோகேட்டகுவேட்டைப் பிளக்கிற பிசிஏ ஜி, ஹெச் இணையும்கூட ஒரே வம்சம்தான், தளர்வான அளவுகோலில் தேடினால் ஒன்றுக்கு மற்றது வந்து நிற்கும். அதனால் ஆய்வகத்தில் செயல்பாடு நிரூபிக்கப்பட்ட ஒரு புரதத்தோடு பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுக் கருவியில் ஒப்பிட்டு, ஈ மதிப்பை (பொருத்தம் தற்செயலாக வந்திருக்குமா என்று காட்டுகிற எண்) மட்டும் பார்க்காமல், ஒற்றுமை 40 சதவீதத்துக்கு மேலும், ஒப்பீடு புரதத்தின் நீளத்தில் 70 சதவீதத்துக்கு மேலும் இருக்கிறதா என்று பாருங்கள். இது நான் ஆரம்பநிலைக்குச் சொல்கிற வரம்பு, எல்லா நொதிக்கும் பொருந்துகிற விதி அல்ல.

அப்புறம் ஜிஎஃப்எஃப் கோப்பை எக்செல்லில் திறந்து அந்த மரபணுவுக்கு மேலும் கீழும் பத்துப் பத்து வரிகள் படியுங்கள். கேடி2440-ல் கேட் ஆர், பி, சி, ஏ நான்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கேட் ஆர் என்பது மியூகோனேட் இருப்பதை உணர்ந்து மற்றவற்றை இயக்குகிற ஒழுங்குபடுத்தி. பென் மரபணுக்களும் அப்படியே கூட்டமாக, தங்களுக்கென்று பென் ஆர் என்ற ஒழுங்குபடுத்தியோடு இருக்கும், அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கேட் ஏ ஒன்றும் இருக்கும். இப்படிக் கூட்டமாக, ஒழுங்குபடுத்தியும் உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதமும் சேர்ந்து கிடைத்தால் நம்பிக்கையோடு எழுதலாம். தன்னந்தனியாக ஒரு டையாக்சிஜெனேஸ் மட்டும் எங்கோ கிடந்தால் எழுதாமல் இருப்பதே நல்லது.

ஆக்சிஜன் இருக்கிறதா?

உப்பனாற்றுச் சேற்றை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மேலே பழுப்பாக ஒரு மெல்லிய படலம், அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்பில் ஆக்சிஜன் கிடையாது, டையாக்சிஜெனேஸ் எத்தனை இருந்தாலும் அங்கே வேலை செய்யாது. அந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பென்சோயேட்டை பென்சாயில் கோஏ ஆக்கி, வளையத்தின் இரட்டைப் பிணைப்புகளை ஒடுக்கி, அதன் பிறகே பிளக்கின்றன. அதற்கான மரபணுக்கள் தாவேரா பாக்டீரியாவில் பிசிஆர் (bcr) ஏ, பி, சி, டி. ஜியோபாக்டரில் பாம் (bam) தொகுப்பு. கெக்கில் எம்00541. மாதிரியை எந்த ஆழத்தில் எடுத்தீர்கள் என்று குறித்து வைத்தால்தான் எந்தப் பாதையைத் தேடுவது என்றே தெரியும்.

கடைசியில் குடுவை

பென்சோயேட்டில் வளரும் என்று கணித்தால், கனிம உப்புகள் மட்டும் உள்ள ஊடகத்தில் 5 மில்லிமோலார் சோடியம் பென்சோயேட் போட்டு ஒரு குடுவை, கார்பனே இல்லாமல் ஒன்று, குளுக்கோஸோடு ஒன்று வையுங்கள். கழிமுகத்திலிருந்து வந்த பாக்டீரியா என்றால் மூன்றிலும் சோடியம் குளோரைடு சேர்க்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் உப்புப் போதாமல் வளராததைப் பாதை இல்லை என்று எடுத்துக்கொள்வீர்கள். கேட்டக்காலை 2,3 நிலையில் பிளக்கும் நொதி இருக்கிறது என்று கணித்திருந்தால், காலனியின் மேல் நீர்த்த கேட்டக்கால் கரைசலைத் தெளியுங்கள், மஞ்சளாகும். கேட் ஏ மட்டும் இருந்தால் நிறம் மாறாது. கேட்டக்கால் நச்சு, கையுறையோடு ஃப்யூம் ஹூட்டில் மட்டும் செய்யுங்கள். டொலுயீனைச் சோதிக்கும்போது ஊடகத்தில் ஊற்றாதீர்கள், செல்கள் செத்துவிடும்; மூடிய கலனுக்குள் சிறு குழாயில் வைத்து ஆவியாகக் கொடுங்கள்.