உப்புத் தண்ணீரில் துவைக்கப் பூந்திக்கொட்டைத் திரவம்

வீட்டிலேயே சலவைத்தூள் செய்வது என்றாலே பார் சோப்பைத் துருவிச் சலவைச் சோடாவோடு கலக்கும் முறையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கு அது ஒத்துவரும். போர் தண்ணீருக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி இழைகளில் படிந்துவிடும். நாளடைவில் வெள்ளைத் துணி மங்கும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது. பூந்திக்கொட்டைத் தோலில் உள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் அப்படித் திரிவதில்லை.

நாட்டு மருந்துக்கடையில் விதை நீக்கிய தோலாகவே கேட்டு வாங்குங்கள். நுரை தருவது தோல்தான். உள்ளிருக்கும் கறுப்பு விதைக்குக் கொடுக்கும் காசு வீண். பூஞ்சை வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

100 கிராம் தோலை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். பாத்திரம் குறைந்தது ஐந்து லிட்டர் கொள்ள வேண்டும், மூடி போடக் கூடாது. கொதி வந்ததும் நுரை பால் போலப் பொங்கி வழியும். பர்னர் அணைந்து கேஸ் கசியக்கூடும் என்பதால் முதல் பத்து நிமிடம் அடுப்படியை விட்டு நகராதீர்கள். பிறகு சிறு தீயில் இருபது நிமிடம் போதும். நன்றாக ஆறியதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர், டீ டிக்காஷன் நிறத்தில் கிடைக்கும். பிசையும் கையோடு கண்ணைத் தொடாதீர்கள், கடுமையாக எரியும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சக்கையில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு இன்னொரு முறை கொதிக்கவைத்தால் வரும் நீர்த்த சாறு கால்மிதி, துடைக்கும் துணிகளுக்கு உதவும்.

ஒரு வாளித் தண்ணீருக்கு, அதாவது சுமார் 15 லிட்டருக்கு, 100 மில்லி. துணியை அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். மெஷினில் ஆறு கிலோ துணிக்கு 100 முதல் 150 மில்லி. 40 டிகிரி வெந்நீரில் அழுக்கு இன்னும் நன்றாகப் போகும். கடைத்தூள் அளவுக்கு நுரை வராது. நுரை குறைந்தால் அழுக்குப் போகவில்லை என்று பொருளில்லை, அதற்காக மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். சட்டைக் காலர், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடங்களில் மட்டும் திரவத்தை நேரடியாகத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பிரஷ்ஷால் தேயுங்கள்.

அழுக்கேறிய பருத்தித் துணிக்கு இது மட்டும் போதாது. ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். வண்ணார்கள் வெள்ளாவியில் உவர்மண் சேர்த்ததும் அதிலிருந்த இதே காரத்துக்காகத்தான். சமையலுக்குப் போடும் ஆப்பச் சோடாவுக்கு அவ்வளவு காரம் இல்லை. சோடா சேர்த்த தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ விடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கூடவே கூடாது, காரம் இழையை அரிக்கும். அவற்றுக்குச் சோடா இல்லாத பூந்திக்கொட்டைத் திரவமே பொருத்தம். பச்சைத் தண்ணீரில் 50 மில்லி கலந்து, ஊறவிடாமல் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். புதுச் சேலையாக இருந்தால் முந்தானை ஓரத்தில் ஈரத் துணியை அழுத்தி, சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சள் கறை சோடா பட்டதும் சிவக்கும். காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. அலசிவிட்டு நல்ல வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும். ஆனால் இந்தத் திரவத்தில் வெளுப்பான் எதுவும் இல்லை. பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை கடைத்தூளில் துவைத்தது போலப் பளிச்சிடாது. சீயக்காயும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; அதன் நிறம் வெளிர் துணியில் இறங்கும், தவிர்த்துவிடுங்கள்.

கெட்டுப்போவதுதான் இதன் பெரிய குறை. வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்து, மேலே வெள்ளை ஆடை படரும். இறுக்க மூடிய பாட்டில் என்றால் வாயு சேர்ந்து உப்பிவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைக்கு நாலைந்து கட்டிகளாக எடுத்துப் போடுங்கள். குடிக்கும் பானம் என்று யாரும் எடுத்துவிடாதபடி பெயர் எழுதி ஒட்டுங்கள்.

துவைத்த தண்ணீரைக் குளத்திலோ மீன் தொட்டிப் பக்கமோ விடாதீர்கள். சபோனின் மீன்களுக்கு நஞ்சு. சோடா சேர்த்த தண்ணீர் செடிக்கும் ஆகாது. வடிகட்டிய சக்கையை மட்டும் உரக்குழியில் போடலாம்.