கோவிட் காலத்து அமெரிக்கா: நான்கு மாநிலங்களை ஒரே கிராஃபில் ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்காவில் கோவிட் நாடு முழுக்க ஒரே நேரத்தில் அடித்த அலை இல்லை. 2020 ஏப்ரலில் வடகிழக்கு மாநிலங்கள் தத்தளித்தன. அந்தக் கோடையில் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம் ஏறியது. நவம்பரில் வடக்கு, தெற்கு டகோட்டாக்களின் முறை. இதை நீங்களே கிராஃபாகப் போட்டுப் பார்க்கலாம். கூகுள் ஷீட்ஸ் போதும், புரோகிராமிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

படி 1: தரவை இறக்குங்கள்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொகுத்த மாநிலவாரித் தரவு, கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. 2020 ஜனவரி 21 முதல் 2023 மார்ச் 23 வரைக்கான சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) அது. தேதி, மாநிலம், மாநில எண், தொற்றுகள், மரணங்கள் என்று ஐந்தே நெடுவரிசைகள்தான். ஆனால் வரிகள் அறுபதாயிரத்துச் சொச்சம் இருக்கும். ஷீட்ஸ் திறக்கக் கொஞ்சம் திணறும், பொறுங்கள்.

படி 2: மாநிலங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஐம்பதையும் போட்டால் நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும். திசைக்கு ஒன்றாக எடுப்போம்: நியூயார்க், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா, அரிசோனா. ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனி ஷீட்டில் தேதி வரிசையில் ஒட்டுங்கள்.

படி 3: மொத்தத்தை தினசரிக் கணக்காக்குங்கள்

கோப்பில் இருப்பது அன்றுவரையிலான மொத்தம். அதை அப்படியே வரைந்தால் கோடு மேலே மேலே போகுமே தவிர, அலை எதுவும் தெரியாது. பக்கத்தில் புது நெடுவரிசை திறந்து, இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்து, சூத்திரத்தைக் கடைசி வரி வரை இழுத்து விடுங்கள். தொற்றுக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று. எங்காவது மைனஸ் எண் வந்தால் பதற வேண்டாம். மாநிலம் பழைய கணக்கைத் திருத்தியிருக்கும்.

படி 4: ஏழு நாள் சராசரி

ஞாயிறு, திங்களில் எண்ணிக்கை சரியும், வார நடுவில் எகிறும். அது அலுவலக விடுமுறையின் தாளம், வைரஸின் தாளம் அல்ல. ஏழு நாள் சராசரி எடுத்தால் பெரும்பாலும் சமனாகிவிடும். நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ் சமயத்துப் பள்ளங்கள் மட்டும் மிஞ்சும்.

ஆனால் சராசரி எல்லாவற்றையும் சரிசெய்யாது. 2020 ஜூன் 25 அன்று நியூ ஜெர்சி, கோவிட் மரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்ட 1,854 பழைய மரணங்களைக் கணக்கில் சேர்த்தது. ஏழால் வகுத்தால் நாளுக்கு 265. அந்த ஒரு வாரம் மட்டும் இல்லாத ஒரு மலை எழுந்து நிற்கும். 2021 பிப்ரவரியில் ஒஹாயோவும் இப்படி ஏறத்தாழ 4,000 விடுபட்ட மரணங்களைச் சேர்த்தது. கோடு செங்குத்தாக ஏறி ஏழே நாளில் செங்குத்தாக இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணக்கைத்தான். ஃபுளோரிடாவில் வேறு தொல்லை: 2021 ஜூனில் தினசரி அறிக்கையை நிறுத்தி வாரம் ஒருமுறை என்று மாற்றிவிட்டார்கள்.

படி 5: லட்சம் பேருக்கு எவ்வளவு?

இதைத் தவிர்த்தால் செய்த வேலை அத்தனையும் வீண். ஒரே நாளில் 100 மரணங்கள் என்று வைத்துக்கொள்வோம். 2020இல் 2.91 கோடிப் பேர் வாழ்ந்த டெக்சாஸில் அது லட்சத்துக்கு 0.34. வெறும் 8.87 லட்சம் பேர் இருந்த தெற்கு டகோட்டாவில் 11.3. எனவே சராசரியை மக்கள்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்குங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நியூயார்க் 2.02 கோடி, ஃபுளோரிடா 2.15 கோடி, அரிசோனா 71.5 லட்சம்.

படி 6: இரண்டு கிராஃப்

தொற்றுக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு மாநிலங்களின் கோடுகளும் இருக்கட்டும். தொற்றையும் மரணத்தையும் ஒரே கிராஃபில் திணித்தால் மரணக் கோடு தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 7: இப்போது படியுங்கள்

தொற்று கிராஃபில் நியூயார்க்கின் 2020 ஏப்ரல் ஒரு சின்ன மேடு. 2022 ஜனவரி வானளாவிய கோபுரம். மரண கிராஃபில் தலைகீழ்: ஏப்ரல்தான் உச்சம். காரணம் எளிது. ஏப்ரலில் பரிசோதனைக் கருவிகளுக்கே தட்டுப்பாடு. பலரும் பரிசோதிக்கப்படவே இல்லை. 2022இல் ஒமிக்ரான் வேகமாகப் பரவியது, ஆனால் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டோ ஏற்கனவே தொற்றியோ இருந்தார்கள். வீட்டிலேயே செய்துகொண்ட பரிசோதனைகள் பல கணக்குக்கே வராததால், அந்தக் கோபுரமும் முழு உயரம் இல்லை. அதனால் தொற்றுக் கோடுகளை ஒரே காலகட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட மரணக் கோட்டையே நான் நம்புவேன்.

மரணக் கோடு தொற்றுக் கோட்டுக்கு இரண்டு, மூன்று வாரம் பின்தங்கி வரும். ஃபுளோரிடாவின் 2021 டெல்டா அலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: தொற்று ஆகஸ்டில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும் மரணம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம், கிராஃபைப் பார்த்ததும் காரணம் சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். தெற்கு டகோட்டாவில் 2020 ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா நடந்தது, நவம்பரில் உச்சம் வந்தது. இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி போட இந்தக் கோடுகள் மட்டும் போதாது. அதே இலையுதிர் காலத்தில் பக்கத்து மாநிலங்களும் ஏறின.

வயதையும் பாருங்கள். ஃபுளோரிடாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர். யூட்டா, மக்களின் வயதில், நாட்டிலேயே இளைய மாநிலம். இந்த இரண்டின் லட்ச விகிதங்களை நேருக்கு நேர் நிறுத்தி எந்த அரசு நன்றாகக் கையாண்டது என்று தீர்ப்பெழுத முடியாது. அதற்கு வயதுக்கேற்பச் சரிசெய்த விகிதம் வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வொண்டர் தரவுத்தளத்தில் மாநிலவாரியாக அதை எடுக்கலாம்.