செலவை முந்திக்கொள்ளும் சேமிப்பு

சம்பளம் வங்கியில் ஏறும் நாளுக்கு மறுநாளே ஆர்.டி. (மாதாமாதம் ஒரு தொகை போட்டுவரும் தொடர் வைப்பு) கணக்குக்குப் பணம் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐந்நூறு ரூபாயானாலும் போதும்.

மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் மிஞ்சுவதே இல்லை. கண்ணில் பட்ட பணத்துக்குச் செலவு எப்படியோ வந்துவிடுகிறது. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 1952 முதல் இந்த மனித இயல்பைக் கணக்கில் கொண்டுதான் இயங்குகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிச் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: பி.எஃப். 12 சதவீதம், கைக்கு வருமுன்பே பிடித்தம். பிடிக்காவிட்டால் எத்தனை பேர் தாங்களாகப் போய்க் கட்டுவார்கள்?

சனிக்கிழமை ரொக்கமாக வாரக்கூலி வாங்குவோருக்கு இது உதவாது. வட்டிக்கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், ஆர்.டி. வட்டி அதற்கு ஈடாகாது.