வேடம் அணிந்து நன்கொடை ஓட்டம் ஓடுவதற்கு ஆயத்தமாகும் முறை

சேலத்தில் நிதி திரட்டுவதற்காக விடியற்காலையில் நடத்தப்படும் பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் இரண்டு முறை வேடம் அணிந்து ஓடியிருக்கிறேன். முதல் முறை மல்கோவா மாம்பழமாக, இரண்டாம் முறை சேர்வராயன் மலைக் காட்டுமாடாக ஓடினேன். மலைக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் விடுதி ஒன்றுக்காகவே இரண்டு முறையும் ஓடினேன். மாம்பழ வேடத்தை உச்சந்தலை முதல் தொடை வரை மூடும்படி தைத்து, கண்களுக்கு மட்டும் வலைத்துணி வைத்திருந்தேன். நான்காவது கிலோமீட்டரில் ஒரு வேகத்தடை என் கண்ணில் படவே இல்லை. முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று என்றாலும், எழுந்து நின்றபோது என் மூச்சுக்காற்றே துணிக்குள் சூடாகத் திரும்பி வந்ததும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பது சில நொடிகள் பிடிபடாமல் போனதும் இன்னும் மறக்கவில்லை. வேடமணிந்து ஓட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதனால்தான்: உங்கள் முகம் வேடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே உண்டு. பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் குதிரைக் கூடு ஆட்டக்காரரின் இடுப்பைச் சுற்றி நிற்கும், அதன் பாரம் தோள்பட்டைகளில் இறங்கும், மார்புக்கு மேலே உடல் முழுவதும் காற்றோட்டமாக இருக்கும். ஆட்டக்காரர் தன் கால் விழும் இடத்தைப் பார்க்கிறார், எதிரில் இருப்பவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். மணிக்கணக்கில் ஆடுவதற்காகப் பழகிப் பழகித் திருத்தப்பட்ட அமைப்பு அது. என் இரண்டாவது வேடத்தை அந்த முறையில்தான் கட்டினேன். நிறுத்தி மூச்சு வாங்க வேண்டிய தேவையே அந்த முறை எனக்கு ஏற்படவில்லை.

கூட்டுக்கு மூங்கில் தப்பையைப் பிளந்து, இழைத்து, நீரில் ஊறவைத்து வளைக்கலாம். வளைக்கத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், மின்கம்பி ஓட்டும் மெல்லிய பிவிசி குழாயும் போதும். இடுப்பைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு முன்னும் பின்னும் நீளும் இரண்டு வளைவுகள், மேலே முதுகுத் திமிலுக்கு ஒரு வளைவு என்று இந்த நான்கைக் கட்டிவிட்டால் உருவம் வந்துவிடும். அகலம் முக்கால் மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் பக்கத்தில் ஓடுகிறவரின் கையில் ஓயாமல் இடிக்கும். உடலுக்கு யோகா விரிப்பு நல்ல பொருள். அது தண்ணீரை உறிஞ்சாது. மெத்தைப் பஞ்சை வைத்துக் கட்டினால், தலையில் ஊற்றிய தண்ணீரையும் வழிந்த வியர்வையையும் குடித்து, ஓட்டம் முடிவதற்குள் வேடம் பாறாங்கல்லாகக் கனக்கும். தோள்பட்டைக்குப் பழைய புத்தகப்பையின் அகலமான பட்டைகளையே பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பாரத்தில் பெரும்பகுதி இடுப்பில் உட்காரும்படி ஒரு இடுப்புவாரும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் கூடு குதித்துத் தோளை அறுக்கும். பட்டைகளின் பிடிப்பு, ஒரே கையால் இழுத்தவுடன் விடுபடுவதாக இருக்க வேண்டும். வீட்டில் யாரையாவது நேரம் பார்க்கச் சொல்லி, பத்து நொடிக்குள் வேடத்திலிருந்து வெளியே வர முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கட்டைப் பிரித்து வேறு விதமாகக் கட்டுங்கள்.

காட்டுமாட்டைத் தேர்ந்தெடுத்ததில் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. ஏற்காட்டுத் தோட்டங்களின் ஓரத்தில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடல் கருத்திருந்தாலும் முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் காலுறை போட்டதுபோல் வெளுத்திருக்கும். ஆகவே என் சொந்தக் கால்களுக்குக் கறுப்பு அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை வரும் வெள்ளைக் காலுறையும் போட்டதும் வேடத்தின் பாதி முடிந்துவிட்டது, கால்களில் ஒரு கிராம் பாரமும் கூடவில்லை. கொம்புகளை யோகா விரிப்பைச் சுருட்டி, வெளியே விரிந்து உள்ளே வளையும்படி ஒட்டி, நுனிக்கு மட்டும் கறுப்பு பூசினேன். நுனி மொழுக்கென்றும் மிருதுவாகவும் இருப்பது அவசியம், ஓட்டத்தில் குழந்தைகள் மிக அருகில் வருவார்கள். மொத்த வேடம் 2.8 கிலோ வந்தது. மூன்று கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. லண்டன் மாரத்தானில் காண்டாமிருகங்களின் பாதுகாப்புக்காகச் சுமார் பத்துக் கிலோ எடையுள்ள காண்டாமிருக வேடத்தைச் சுமந்து ஓடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சேலத்துக் காற்றின் சூடு வேறு.

எந்த வேடத்தையும் அணியலாம் என்று நான் நினைக்கவில்லை. சேலத்தின் குகைப் பகுதியில் ஆடி மாத மாரியம்மன் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடமிட்டவர்கள் வண்டியில் அமர்ந்து, பக்தியோடு வருகிறார்கள். அந்த வேடத்தோடு தார்ச்சாலையில் வியர்த்து ஓடி, தடுக்கி விழுந்து, ஓரமாக நின்று தண்ணீர் குடிப்பது பார்ப்பவர் மனத்தை வருத்தும். நோயாளியைப்போல வேடமிடுவதும் வேண்டாம், அந்த நோய்க்காகவே நீங்கள் நிதி திரட்டினாலும் வேண்டாம். உதவி பெறுகிறவர்கள் பார்த்து மகிழக்கூடியதாக வேடம் இருக்க வேண்டும். காட்டுமாட்டைத் தேர்ந்தெடுத்ததே விடுதிப் பிள்ளைகள்தான்.

இனி சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேட ஓட்டத்தில் உயிருக்கே ஆபத்தாகக்கூடியவற்றில் முதன்மையானது அதுதான். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. துணிக்குள்ளும் விரிப்புக்குள்ளும் அடைபட்ட காற்று விரைவிலேயே ஈரத்தால் நிறைந்துவிடுவதால், அதற்குப் பிறகு வரும் வியர்வை ஆவியாக இடமின்றி வெறுமனே வழிகிறது. உடலோ ஓடுவதால் மேலும் மேலும் சூடாகிறது. எனவே டிசம்பர், ஜனவரி மாத ஓட்டங்களையே தேர்ந்தெடுங்கள். மார்ச் முதல் மே வரை இந்த ஊரில் வேடம் வேண்டவே வேண்டாம். ஓட்டத்துக்கு முந்திய வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தாலும், இரவு சரியாகத் தூங்காவிட்டாலும், வேடத்தைத் துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்டுச் சாதாரண உடையில் மெதுவாக ஓடுங்கள், அல்லது ஓடாமலே இருங்கள். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வலிமாத்திரை போடுவது நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஓடும்போது தலைச்சுற்றல், குமட்டல், வெயிலிலும் மயிர்க்கூச்செறிவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று கொள்ள வேண்டும். வேடத்தை உடனே கழற்றி, நிழலில் உட்கார்ந்து, தலை, கழுத்து, அக்குள் ஆகிய இடங்களில் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லுங்கள். பேச்சில் தெளிவில்லாமல் போனால், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமலே 108-ஐ அழைக்க வேண்டும். குடிப்பதற்கு வெறும் தண்ணீரை அளவின்றி ஊற்றிக்கொள்வதும் தவறு, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஒரு லிட்டர் நீரில் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றைக் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது.

பயிற்சியை எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். வேடம் இல்லாமல் பத்துக் கிலோமீட்டரை நிம்மதியாக ஓடி முடிக்கத் தெரிந்த பிறகே வேடத்தைத் தொட வேண்டும். முதல் இரண்டு வாரம் புத்தகப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு முதுகில் இறுகக் கட்டிக்கொண்டு ஓடினேன். பிறகு வெறும் கூட்டை மட்டும் மாட்டி ஒரு கிலோமீட்டர், அடுத்து மூன்று, கடைசியாக முழு வேடத்தோடு ஆறு. ஹஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் ஏற்றத்தில் ஒரு நாளாவது பழகினால், கூடு முன்பக்கம் சரிந்து தொடையில் இடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைப்போல உயரமான இடத்தில் போட்டிப்பாதை போனால் பக்கவாட்டுக் காற்று வேடத்தைப் பாய்போலப் பிடித்துத் தள்ளும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே என் வேடத்தின் இரு விலாக்களிலும் உள்ளங்கை அளவு துளைகள் வெட்டி, கறுப்பு வலைத்துணியால் மூடினேன். உராயும் இடங்களான அக்குள், இடுப்பு, தொடை ஆகியவற்றில் வாசலினைத் தாராளமாகத் தடவ வேண்டும்.

நேரத்தைப் பற்றிய ஆசையை விட்டுவிடுவது நல்லது. வேடமின்றி எனக்கு 62 நிமிடம், காட்டுமாடாக 84 நிமிடம். 2002 லண்டன் மாரத்தானில் லாயிட் ஸ்காட் ஆழ்கடல் மூழ்குவோரின் பழங்கால உடையை அணிந்து, புற்றுநோயாலும் ரத்தப்புற்றாலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஐந்து நாள்களுக்கு மேல் நடந்தே முடித்தார். ஆனால் நம் ஊர் ஓட்டங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தை அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டு, வேடமணிந்து ஓட எழுத்தில் அனுமதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தன்று கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள். அமைப்பாளர்கள் தரும் ஓட்ட எண் அட்டையை வேடத்தின் மேல், முன்பக்கம் தெரியும்படி குத்த வேண்டும். அந்த அட்டையின் பின்னால் நேரம் பதியும் சில்லு இருந்தால் அதற்கு அடியில் ஜிகினாத் தாளோ அலுமினியமோ இருக்கக் கூடாது, பதிவு விட்டுப்போகும். துணை ஓட்டக்காரர் ஒருவர் இல்லாமல் ஓட வேண்டாம். அவரிடம் ஊக்கு, ஒட்டுநாடா, கத்தரிக்கோல், தண்ணீர் ஆகியவை இருக்கட்டும். அவர் இல்லாவிட்டால் தெருநாய்களைச் சமாளிப்பதும் கடினம். கொம்பும் வாலுமாக ஓர் உருவம் ஓடி வருவதைப் பார்த்தால் அவை துரத்தத்தான் செய்யும். அப்போது ஓடாமல் நின்று, நடந்து கடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

நிதி திரட்டும் வேலை ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது. பணம் உங்கள் கைக்கோ கணக்குக்கோ வராமல் நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். வருமான வரிக்கழிவுக்கான ரசீது தரும் பதிவு அவர்களிடம் இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அந்தக் கழிவை எதிர்பார்ப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். “விடுதிக்கு உதவுங்கள்” என்று கேட்டதைவிட, “ஒரு பிள்ளைக்கு ஒரு மாதக் காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு ஆகிறது” என்று விடுதிக் கணக்கைப் பார்த்துத் தொகையோடு கேட்டபோது எனக்கு அதிகம் பேர் கொடுத்தார்கள். க்யூஆர் குறியை வேடத்தில் ஒட்டினால் ஓடும்போது ஆடிக்கொண்டே இருப்பதால் யாராலும் படிக்க முடியாது, துணை ஓட்டக்காரர் கையில் ஓர் அட்டையாகக் கொடுங்கள். வேடத்துக்கு ஆன செலவை நன்கொடையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் கணக்கை எழுதி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றியோடு அனுப்பிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் முதல் வேலை வேடத்தைப் பிரிப்பது. துணியையும் பட்டைகளையும் தனியாக எடுத்து வெறும் நீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வியர்வை உப்பு படிந்த பட்டை அடுத்த ஆண்டுக்குள் விறைத்து இற்றுப்போகும். கூட்டைத் தரையில் வைக்காமல் கொக்கியில் தொங்கவிட்டால் வளைவு நசுங்காது. எங்கள் காட்டுமாடு இப்போது விடுதிக் கூடத்தில் தொங்குகிறது. பிள்ளைகளின் தோளுக்குப் பட்டை நீளமாக இருந்ததால், பக்கிளைக் கழற்றி ஒரு சாண் உள்ளே தள்ளி மறுபடியும் தைத்திருக்கிறேன்.