ஊதாப் படைக்கு பெயின்ட் எடுக்கறது எப்படி?

வார்ஹாமர் மாதிரி மேசை விளையாட்டுக்கான குட்டி பிளாஸ்டிக் பொம்மைப் படைக்கு (மினியேச்சர்) ஊதா அடிக்கப் போறேன், எந்த டப்பா வாங்கட்டும்ணா என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதானுங்க: சிவப்புப் பக்கம் சாயற ஊதாவா, நீலப் பக்கம் சாயற ஊதாவா? திருப்பூரில் சாயப்பட்டறை லேப்ல வேலை எனக்கு. பையர் அனுப்பும் துணித்துண்டு கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான், ரெட்டிஷா புளூயிஷா என்று. அது முடிவாகாமல் வாங்கினால் ஒவ்வொரு டப்பாவும் தனியாக அழகாக இருக்கும், ஒரே தோள்கவசத்தில் மட்டும் ஒட்டாது.

பக்கத்தில் என்ன நிறம் வருகிறது என்று பார்த்து முடிவு பண்ணுங்க. வார்ஹாமர் 40,000 விளையாட்டில் எம்பரர்ஸ் சில்ட்ரன் என்கிற படை என்றால் தங்கமும் பிங்க்கும் கூடவே வரும். அதுக்கு சிவப்புப் பக்கம். அதே விளையாட்டில் டைரனிட் என்கிற வேற்றுக்கிரக உயிர்ப் படையில் லெவியதன் பிரிவு என்றால் எலும்பு வெள்ளை உடம்பு, மேலே ஊதா ஓடு. அந்த எலும்பு நிறத்தில் மஞ்சள் கலந்திருப்பதால் நீல ஊதா பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும்.

சிட்டாடல் பிராண்டு பெயின்ட்டில் நீலப் பக்கத்துக்கு நாகரோத் நைட் அடி, ஸீரியஸ் பர்பிள் நடு, ஜீன்ஸ்டீலர் பர்பிள் மேலே. இந்த மூன்றே போதும். சிவப்புப் பக்கத்துக்கு பீனீசியன் பர்பிள் அடித்து, அதிலேயே ஸ்க்ரீமர் பிங்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏற்றுங்க. எனக்கு என்னமோ வலேஹோ பிராண்டு சொட்டு பாட்டில்தான் பிடிக்கும். துளி எண்ணி விடலாம், மூணுக்கு ஒண்ணு என்று எழுதி வைத்தால் அடுத்த மாதமும் அதே ஷேட் வரும்.

சொந்தமாகக் கலக்கப் போனால் தபால்பெட்டிச் சிவப்பை எடுக்காதீங்க. அதில் ஆரஞ்சு ஒளிந்திருக்கும். மஞ்சள் வாடை பட்டாலே ஊதா செத்துச் சேறாகிவிடும். நீலத்தோடு மெஜந்தா சேருங்க. ஆர்ட்டிஸ்ட் டியூப் வாங்கினால் பின்பக்கம் பிக்மென்ட் நம்பர் இருக்கும்: பிவி 23 என்றால் டையாக்சசின், நீலச் சாய்வு, பிவி 19 என்றால் குவினாக்ரிடோன், சிவப்புச் சாய்வு. பிவி 23 ரொம்பக் காரம், குண்டூசித் தலையளவே வெள்ளையைத் திருப்பிவிடும். ஆனால் அடி தெரிகிற கலர். கறுப்பு பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) மேல் அடித்தால் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். நீல ஊதாவுக்கு சாம்பல் பிரைமர், சிவப்பு ஊதாவுக்கு முதலில் ஒரு பிங்க் கோட்டிங்.

பிரைமர் ஸ்ப்ரே ஆடி மாதத்தில் வேண்டாமுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காத்தில் பெயின்ட் வழியிலேயே காய்ந்து, பொம்மை மேல் ரவை தூவின மாதிரி உட்காரும். அவசரமென்றால் பிரஷ்ஷால் அடியுங்க. சித்திரை வெயிலுக்கு டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ, மேலே பட்டர் பேப்பர், பெயின்ட் காயாமல் வைத்துக் கலக்க அதுதான் பேலட்.

எந்த ஷேட்டையும் ஈரத்தில் முடிவு பண்ணக்கூடாது. அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும். உதிரி பிளாஸ்டிக் துண்டில் அடித்து, காயவைத்து, மேட் வார்னிஷ் ஒரு பாதிக்கு மட்டும் தடவிப் பாருங்க. லேப்ல லைட் பாக்ஸ் இருக்கும், டி65 என்கிற பகல் வெளிச்சத்திலும் டிஎல்84 என்கிற கடை ட்யூப்லைட் வெளிச்சத்திலும் மாத்தி மாத்திப் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளையாக நிற்கும் இரண்டு ஊதா, அடுத்த வெளிச்சத்தில் சண்டை போடும். வீட்டில் அதுக்கு ஜன்னல் வெளிச்சம், 6500 கெல்வின் எல்இடி, மஞ்சள் பல்பு மூணும் போதும். விளையாடற மேசை மேல எந்த விளக்கு எரியுதோ, கடைசி தீர்ப்பு அதுக்குத்தான்.

விளிம்பை வெளிச்சமாகக் காட்ட வெறும் வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகும். சிவப்புப் பக்கத்துக்கு வெளிர் தோல்நிறம், நீலப் பக்கத்துக்கு வெளிர் லாவெண்டர். ட்ரூக்கி வயலட் வாஷை (நிழலுக்கான தண்ணிப் பெயின்ட்) மொத்தமாக ஊற்றாமல் இடுக்கில் மட்டும் இறக்குங்க. நிழல் இன்னும் ஆழமாக வேணுமென்றால் கறுப்பை விட அடர்நீலம் நல்லது.

பொம்மை நிற்கிற அடித்தட்டுக்கு (பேஸ்) நம்மூர் செம்மண் நிறம் போடணும்னு ஆசையிருந்தால் நீல ஊதாவுக்குப் போடுங்க. சிவப்பு ஊதா அதில் முங்கிப் போகும். சிவப்பு ஊதாவுக்கு மஞ்சள் கலந்த பச்சைப் புல் நாலு கொத்து ஒட்டினால் போதும், படை தூக்கலாகத் தெரியும்.