தேனும் தேன்மெழுகும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். தேனைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ நல்ல செய்திகள் இருந்தும் இதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற தவறுகள் பெரும்பாலும் பணத்தையும் தேனையும் வீணாக்கும். இது உயிரையே பறிக்கக்கூடியது.

சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைப்பது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. உரைமருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை வளர விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் அமைந்திருக்காது. வித்துகள் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். 1976இல் அமெரிக்காவில்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. பெரும்பாலும் மலச்சிக்கலில் தொடங்கும். பிறகு அழுகுரல் மெலியும், இமைகள் சரியும், பால் உறிஞ்சும் வலு குறையும், உடல் துவண்டுபோகும். மூச்சுத் தசைகளும் பாதிக்கப்பட்டால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும்.

"எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பாட்டிமார்கள் சொல்வதில் பொய் இல்லை. எல்லாத் தேனிலும் வித்துகள் இருப்பதில்லை, நோயும் அரிதானது. ஆனால் எந்தப் பாட்டிலில் அவை இருக்கின்றன என்று பார்த்தோ சுவைத்தோ அறிய வழியில்லை. காய்ச்சினாலும் பயனில்லை, கொதிக்கும் நீரின் 100 டிகிரி வெப்பத்தையும் அந்த வித்துகள் தாங்கும். காட்டுத் தேன், மலைத்தேன், சொந்தப் பெட்டித் தேன் எதற்கும் விலக்கு கிடையாது. சடங்கைக் கைவிட மனம் வரவில்லையென்றால், தாய்ப்பாலில் ஒரு துளியைப் பெரியவர் கையால் தொட்டு வைக்கட்டும்.

ஒரு வயதைத் தாண்டிய பிறகு அதே தேன் இருமலுக்கு நல்ல துணை. சாதாரணச் சளி இருமலுக்கு ஆன்டிபயாடிக்கைத் தேடுவதற்கு முன் தேனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்புகளே 2018இல் பரிந்துரைத்தன. குழந்தைக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும். இங்கே நேரும் தவறு, தேனை நம்பிக் காலத்தைக் கடத்துவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

காயத்துக்குத் தேன் போடுவது மூடநம்பிக்கை அல்ல. அதன் அடர்ந்த சர்க்கரை கிருமிகளிடமிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. புளிப்புத் தன்மை அவற்றை வளர விடுவதில்லை. காயத்தின் ஈரம் பட்டதும் தேனிலுள்ள நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறியதை 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆனால் மருத்துவமனையில் காயத்துக்குப் போடும் தேன், காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது. ஈரக் கரண்டி போய்வந்த சமையலறைப் பாட்டில் அதற்கு ஈடாகாது. சின்னச் சிராய்ப்பைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் கொஞ்சம் தடவினால் தவறில்லை. ஆழமான வெட்டு, சீழ் வைத்த புண், துருப்பிடித்த ஆணி குத்திய காயம், முக்கியமாகச் சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண் ஆகியவற்றை வீட்டில் தேன் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பது காலையே இழக்க வைக்கும்.

சுட்டுக்கொண்டவுடன் தேன் பாட்டிலைத் தேடி ஓடுவதும் தவறு. முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் தேன், பற்பசை, இட்லி மாவு, இங்க் எதைத் தடவினாலும் சூடு உள்ளேயே தங்கும். பிறகு மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும்.

கொட்டாத சிறு தேனீக்களின் தேனான கொசுத்தேன் கண்ணுக்கு நல்லது என்று சொட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமி நீக்கப்படாத எதையும் கண்ணில் விடக் கூடாது; கருவிழியில் தொற்று வந்தால் பார்வை திரும்புவது நிச்சயமில்லை. காதுக்கும் தேன் வேண்டாம். மெழுகு பூசிய துணிக்குழலைக் காதில் வைத்துக் கொளுத்தினால் அழுக்கு வெளியே வரும் என்பதும் பொய். குழலுக்குள் மிஞ்சுவது எரிந்த மெழுகுதான். அந்தச் சூடு செவிப்பறையைச் சுட்டுவிடும்.

சர்க்கரை நோயாளிகள் சீனிக்குப் பதிலாகத் தேன் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டித் தேன் சுமார் 17 கிராம் சர்க்கரையை உடலில் சேர்க்கும். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. குடிக்கப் பிடித்தால் குடியுங்கள்.

தேன் பட்டால் முடி நரைக்கும் என்று பயப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். நரை, முடியின் வேரில் நிறமி குறைவதால் வருவது.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் வீட்டுச் சோதனைகளை நான் சிறிதும் நம்புவதில்லை. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், தீக்குச்சியில் தடவினால் பற்ற வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்கிறார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் தங்கும். ஈரப்பதம் கூடிய நல்ல தேன் தீக்குச்சியை நமுக்க வைத்துவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றுதான். வழக்கமான ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றும்படி தயாரான பாகைத் தீக்குச்சி எப்படிக் காட்டிக்கொடுக்கும்? தேன் எடுப்பவரை நேரில் அறிந்து வாங்குவதே நான் நம்பும் வழி.

உறைந்த தேனைச் சீனி கலந்தது என்று கொட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டித் தேனீ வளர்ப்பவர்கள் எடுக்கும் ரப்பர்த் தேன் எளிதில் உறையும். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே அந்தத் தேனுக்கு மூலம். அதில் குளுக்கோஸ் மிகுந்திருப்பதால் மணல் மணலாகிறது. பாட்டிலைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சினால் நொதிகள் அழிந்து மணமும் போய், எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும். நம் உணவுத் தர விதி அதை ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. அதற்காக, சூடான பாலில் கலந்த ஒரு கரண்டித் தேன் விஷமாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஈரம் ஏறிய தேன் நுரைத்துப் புளிக்கும்.

இனித் தேன்மெழுகு. மஞ்சள் சாயம் ஏற்றிய பாரஃபினை வாங்கி ஏமாறுவதே இதில் முதல் தவறு. நல்ல மெழுகில் தேன் மணம் தங்கியிருக்கும். நாளானால் மேலே வெள்ளைப் பொடி படரும்; பலர் அதைப் பூஞ்சை என்று எண்ணித் தூக்கி எறிகிறார்கள். துணியால் துடைத்தால் போய்விடும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கொதிநீருக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் அதை உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், சூடு மிஞ்சித் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகு சமையலறை முழுவதும் தெறிக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

மெழுகைத் தனியே தோலில் தடவ முடியாது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள்கூடக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து இளக்கித்தான் மெழுகு உரு பிடிக்கிறார்கள். உதட்டுக்கும் பித்தவெடிப்புக்கும் களிம்பு செய்ய, எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம். குளிர்நாட்டுக் குறிப்புகளில் எண்ணெய் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே பின்பற்றினால் நம் சித்திரை வெயிலில் களிம்பு ஒழுகும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பார்த்துவிட்டு அச்சில் ஊற்றுங்கள். கற்றாழைச் சாறு, பன்னீர் இவற்றைக் கலக்கும் ஆசை பலருக்கு வருகிறது. நீர் சேர்ந்த களிம்பில் சில நாளிலேயே கிருமி வளரும். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் ஆறும்வரை பூச வேண்டாம்.

தேக்குக் கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் மெழுகு பூசுபவர்கள் தடிமனாகப் பூசிவிடுகிறார்கள். பிசுபிசுப்பில் தூசி ஒட்டி மரம் கறுத்துப்போகும். மெல்லத் தேய்த்து, அரை மணி நேரம் கழித்துப் பருத்தித் துணியால் மெருகேற்றினால் போதும். டர்பென்டைன் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே எடுத்துச் சென்ற பிறகே ஊற்ற வேண்டும். காய் நறுக்கும் பலகைக்கும் அகப்பைக்கும் டர்பென்டைன் கலந்ததைத் தொடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் கலந்து பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

தேன்மெழுகு தோய்த்த மெழுகுத் துணியில் ரொட்டியும் வெட்டிய காய்களும் சுற்றி வைக்கலாம். பச்சை மீனும் இறைச்சியும் கூடாது. ஆவி பறக்கும் இட்லியைச் சுற்றினால் மெழுகு இளகி இட்லியில் ஒட்டும். துணியைக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள். மெழுகு உருக்கிய பாத்திரத்தைத் தொட்டியில் கழுவினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். சூடு இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்துவிடுங்கள்.