பிள்ளைகள் லீவில் வந்திருக்கும்போது ‘சோழர்கள்’ படிப்பது எப்படி

மே மாதம் பிறந்தால் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரிலிருந்து கும்பகோணம் வந்து இறங்கிவிடுவார்கள். பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஏழு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஹால். என் தையல் மிஷின், டிவி, மூன்று வருஷமாக நான் முடிக்கப் பார்க்கும் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ எல்லாம் அதற்குள்தான். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படிக்கலாம் என்று காத்திருந்தால் ஜூன்தான் வரும். அதனால் கார்ட்டூனோடு சேர்த்தே படிக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இதே கூத்து என்றால் நான் செய்வதைச் செய்து பாருங்கள்.

முதல் விஷயம், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சாஸ்திரி பேராசிரியர். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இது. தமிழில் இரண்டு பாகம். வாத்தியார் ஆயிற்றே, ஆதாரம் எதெது என்றுதான் தொடங்குவார். கல்வெட்டு, செப்பேடு, ராஜா புகழ் பாடும் மெய்க்கீர்த்தி என்று அவர் அடுக்கி முடிப்பதற்குள் பக்கத்தில் டிவியில் சோட்டா பீம் மூன்று லட்டு தின்று இரண்டு பேரை அடித்துப் போட்டிருப்பான். நான் இரண்டு முறை அங்கேயே தூங்கிப்போனேன். பின்னால் போங்கள். ஊராட்சி, வரி, விவசாயம், வியாபாரம் என்று வரும் அத்தியாயங்களில்தான் மனுஷர்கள் இருக்கிறார்கள். ராஜாக்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

ராஜாக்களிடம் போகும்போது பட்டப் பேர் குழப்பும். ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி, அதற்கடுத்தவர் மறுபடி ராஜகேசரி. விஜயாலயன் பரகேசரி, ஆதித்தன் ராஜகேசரி, முதல் பராந்தகன் பரகேசரி. கல்வெட்டில் சொந்தப் பேர் இல்லாமல் பட்டம் மட்டும் இருந்தால் ஆராய்ச்சியாளர்களே அடித்துக்கொள்கிறார்கள், நாம் எம்மாத்திரம்? எனக்குக் கைகொடுத்தது வெட்டுத்துணி. பிளவுஸ் வெட்டி மிஞ்சிய சிவப்புத் துண்டு ராஜகேசரிக்கு, நீலத் துண்டு பரகேசரிக்கு என்று பக்கத்தில் சொருகிவிட்டேன். ராஜராஜன் சிவப்பு, அவர் மகன் ராஜேந்திரன் நீலம். புத்தகம் இப்போது கிழிந்த காவடி மாதிரி இருக்கிறது, ஆனால் ஆள் மாறுவதில்லை. சாக்பீஸால் மட்டும் குறிக்காதீர்கள். தாளில் ஒட்டாது, மடியில் கொட்டும்.

அடுத்து, எந்தக் கார்ட்டூன் ஓடும்போது எதைப் படிப்பது. டாம் அண்ட் ஜெர்ரி ஓடினால் கனமான பகுதிகளை எடுங்கள். 1940-ல் வந்த சமாச்சாரம், பேச்சே கிடையாது. பானை உடையும் சத்தத்துக்குப் பழகிவிட்டால் ஒரு அத்தியாயம்கூட நகரும். பெப்பா பிக் ஒரு கதை ஐந்தே நிமிஷம். ஒரு பத்தி படிப்பதற்குள் முடிந்து, “சித்தி, அடுத்தது போடு” என்று குரல் வந்துவிடும். ஷின்சான் ஓடும்போது புத்தகத்தை மூடிவிடுங்கள். அந்தப் பையன் பேச்சை நம் பையன் பிடித்துக்கொள்கிறானா என்று பார்க்கவே கண் இரண்டும் போதாது. டோரேமான் எனக்குப் பிடிக்கும், அதனால் ஆகாது. புத்தகம் மடியில் விரிந்திருக்கும், நான் நோபிட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சோட்டா பீம் தனி ரகம். ஊராட்சி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டே அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. பீம் இருக்கும் டோலக்பூரின் ராஜா இந்திரவர்மாவுக்கு வாரியம், அதாவது ஊர் வேலை பார்க்கும் குழு, ஒன்றுகூடக் கிடையாது. திருடன் வந்தாலும் பீம், மந்திரவாதி வந்தாலும் பீம், பக்கத்து நாட்டோடு போட்டி என்றாலும் பீம். அரைக்கால் வேட்டி கட்டிய பொடியனை நம்பி ஒரு ராஜ்யமா? இங்கே புத்தகத்திலோ, காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரின் சோழர் காலக் கல்வெட்டுப்படி ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், வருஷ வாரியம் என்று இன்னொரு பன்னிரண்டு பேர். வேலை 360 நாள், அத்தோடு இறங்கிவிட வேண்டும். முந்தின மூன்று வருஷத்துக்குள் வாரியம் பார்த்தவர் மறுபடி நிற்கவும் முடியாது. இதை ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“அப்போ பீம் நிக்க முடியுமா சித்தி?” என்றாள் பெரியவள்.

வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் ஓதத் தெரிய வேண்டும். (பிராமணர்களின் சபை அது. ஊர் முழுக்க ஓட்டுப் போட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.) எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்தவர் பொருளை எடுத்தவன் நிற்கவே கூடாது. டுன்டுன் மௌசி கடையில் லட்டை எடுத்துத் தின்கிறவன் பாடு அங்கேயே தீர்ந்தது. சின்னவன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

மறுநாள் ரிமோட்டுக்காக அடிதடி. அப்போதுதான், குடத்தில் பேர் எழுதிய ஓலைகளைப் போட்டு ஒன்றை எடுத்து வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அந்தக் குடவோலையை வீட்டுக்கே கொண்டுவந்தேன். இந்த விளையாட்டை எப்படி நடத்துவது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மே மாதத்தில் எனக்கு நூறு பக்கம் வாங்கிக்கொடுத்தது இதுதான்.

வாய் குறுகின குடம் ஒன்றை எடுங்கள். பித்தளை நல்லது, பிளாஸ்டிக் குடத்துக்குள் சீட்டு தெரியும். ஓலைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்ச்சி பேர். வீட்டில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்ட வேண்டும். உத்திரமேரூரில் நம்பிமாரில் (கோயில் பூசாரிகளில்) மூத்தவர் அப்படித்தான் காட்டினார். சீட்டு எடுக்க, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத சிறுபிள்ளை வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் நிர்வாகத்தில் ஒரு பொடியனுக்கு இருந்த உத்தியோகம் இது! எங்களுக்கு எதிர்வீட்டுக் குழந்தை, மூன்று வயது. எழுத்து தெரியாது, லஞ்சம் ஒரு மில்க் பிக்கீஸ்.

எடுத்த சீட்டைக் குழந்தை நடுவர் கையில் கொடுக்கும். நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறது. படித்தபோது, இதையெல்லாமா கல்லில் வெட்டுவார்கள் என்று சிரித்தேன். முதல் நாள் நடுவர் சின்னவன். கையைக் குவித்து வாங்கினான், பார்த்தான், “ஷின்சான்!” என்றான். பெரியவள் பாய்ந்து அவன் கையைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஒரு சீட்டு, கட்டைவிரலுக்கு அடியில் வியர்வையில் ஒட்டிக்கொண்டு இன்னொரு சீட்டு. மை லேசாக இழுகியிருந்தது. ஷின்சான் கட்டைவிரலுக்கு அடியிலிருந்துதான் வந்திருக்கிறது. குடத்திலிருந்து வந்தது பெப்பா பிக். ஐந்து விரல் சட்டத்தை எழுதியவர் வீட்டிலும் ஏழு வயதில் ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

பிறகு சட்டத்தைத் திருத்தினோம். நடுவர் படித்ததும் மற்றவர்களும் சீட்டை வாங்கி ஒருமுறை படிக்க வேண்டும். இதுவும் கல்வெட்டில் உள்ளதுதான். திருத்தம் செய்ய வெட்கப்படாதீர்கள். முதல் பராந்தகன் காலத்தில் 919-ல் ஒரு விதி வெட்டினார்கள், 921-லேயே மாற்றி இன்னொன்று வெட்டினார்கள். முதலில் வயது முப்பதிலிருந்து அறுபது, அப்புறம் முப்பத்தைந்திலிருந்து எழுபது. அந்த இரண்டு வருஷத்தில் என்ன ரகளை நடந்ததோ! அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டையும் பார்க்கலாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் வீட்டில் கொண்டுவராதீர்கள். வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களும் நிற்கக்கூடாது. சிற்றவை மக்கள், பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று பட்டியல் நீளும். நான் ரிமோட் பேட்டரியைத் தொலைத்தவனுக்கு இதைப் போட்டேன். சிற்றவை என்றால் சித்திதானே, நீயும் அவன் சொந்தக்காரிதானே, இனி நீயும் டிவி பார்க்கக்கூடாது என்று பெரியவள் டோரேமானைப் பிடுங்கிவிட்டாள். பதினொரு வயசுக்காரி சட்டம் பேசினால் பதில் கிடையாது.

அவளுக்குச் சோழர்களிடம் பிடித்தது இன்னொன்று. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் சொன்னதாக வெட்டியிருக்கும் வரி: “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்.” அக்கன் என்பது குந்தவை. ராஜாவுக்கு அடுத்தபடி அக்காதான், பெண்டாட்டிகள்கூடப் பிறகுதான். இதைத் தெரியாத்தனமாகப் படித்துக்காட்டிவிட்டேன். இப்போது மாம்பழம் நறுக்கினால்கூட “நாம் குடுத்தன, அக்கன் குடுத்தன” என்று கொட்டையை அவனுக்குத் தள்ளுகிறாள். வீட்டில் அக்கா தம்பி இருந்தால் இந்தப் பக்கத்தை மனசுக்குள்ளேயே படியுங்கள்.

சித்தியின் சோழர் கதையை ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டாவது சொன்னால் அது பாடம் ஆகிவிடும், பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்ற கதையை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். சின்னவனைச் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கூட்டிப்போனேன். நிழலிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டான்.

குலுக்கல் முடிந்ததும் குடத்துக்குள் கையை விட்டுத் துழாவிவிடுங்கள், சீட்டு ஏதாவது அடியில் ஒட்டியிருக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் ஐந்து மணிக்கு வரும்.